ஜூஸ் மதி

ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஒத்துக்கொள்ளாத நாள். மற்ற ஆறு நாளும் சாலைக் கடைத்தெருவில் என் பெயின்ட் கடை இருக்கிறது. காலையில் ஷட்டரைத் தூக்கினால் மாலை வரை யாராவது வந்து ஏதாவது ஒரு நிறத்தைக் கேட்டு என் உயிரை வாங்கிக்கொண்டே இருப்பார்கள். ஞாயிறன்று உயிரை வாங்க ஆள் கிடையாது. ஒன்பது மணிக்குள் செய்தித்தாளை இரண்டு முறை படித்து முடித்துவிட்டு, பால்கனிக்கும் சமையலறைக்கும் நடுவே நடக்க ஆரம்பித்துவிடுவேன்.

"ஒரு எடத்துல இருங்களேன், தரை தேஞ்சிரப் போகுது" என்பாள் மனைவி. அவள் திருநெல்வேலிக்காரி. கல்யாணமாகி இருபது வருடமாகத் திருவனந்தபுரத்தில் இருக்கிறாள். இந்த வாக்கியத்தை அதில் பாதி வருடங்களாவது சொல்லியிருப்பாள்.

அப்படி நடந்து நடந்துதான் காக்டெய்ல் கலக்கும் வேலைக்கு வந்து சேர்ந்தேன். ஊரே வீட்டுக்குள் அடைந்து கிடந்த காலம் அது. கடை பூட்டிக் கிடந்தது. கை அரித்தது. கடையில் நான் நாள் முழுக்கச் செய்வது ஒரே வேலைதான். வெள்ளை பேஸ் டின்னில் நான்கு சொட்டு மஞ்சள், ஒரு சொட்டு கறுப்பு விட்டு, மூடியைத் தட்டி அடைத்து, ஷேக்கர் என்கிற குலுக்கும் இயந்திரத்தில் ஏற்றுவது. காக்டெய்லுக்கும் ஷேக்கர்தான் என்று யாரோ போனில் காட்டிய வீடியோவில் பார்த்தபோது, இது நம் தொழிலாயிற்றே என்று தோன்றிவிட்டது. இரண்டு எவர்சில்வர் டம்ளர்களை ஒன்றின்மேல் ஒன்று கவிழ்த்து ஆரம்பித்தேன். முதல் தடவை மூடி சரியாகப் பிடிக்காமல் ஃப்ரிட்ஜ் கதவெல்லாம் ரம்மும் எலுமிச்சைச் சாறும் வழிந்தது. எறும்பு வராமல் இருக்க மனைவி மூன்று நாள் துடைத்தாள்.

நான் குடிகாரன் இல்லை. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் நெடுநாள் இதை அழுத்திச் சொல்லியே பொழுதைப் போக்கினேன். குடிப்பது வேறு, கலக்குவது வேறு என்பது என் கட்சி. ஞாயிறு மத்தியானம் சாப்பாட்டுக்கு முன் ஒரு கிளாஸ், அதுவும் அளந்து. பிவரேஜ் என்கிற அரசு மதுக்கடை வரிசையில் வாய் பேசாமல் நிற்கிற கூட்டத்தோடு நானும் போய் நின்றால்கூட, எனக்கு வேண்டியது வெள்ளை ரம் என்பதால் நான் வேறு ஜாதி என்று ஒரு நினைப்பு. "எல்லாருக்கும் ஒரே வரிசைதானே?" என்று மனைவி கேட்டாள். நான் கோபித்துக்கொண்டேன்.

என் அண்ணன் குடிகாரன். அவனே அப்படித்தான் சொல்வான், சொல்லும்போது குரலில் ஏற்ற இறக்கம் இருக்காது. என்னைவிட இரண்டு வயது மூத்தவன். நாகர்கோவிலில் இருக்கிறான். வளைகுடாவில் டிரைவராக இருந்தான், அனுப்பிவிட்டார்கள். ஊரில் லாரி ஓட்டினான், அதிலும் அனுப்பிவிட்டார்கள். கடைசியில் ஸ்கூட்டரோடு ஓடையில் விழுந்து தோள்பட்டை உடைந்து கிடந்தபோது, அண்ணி இரண்டு பெண் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு அவளுடைய அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகுதான் அவன் குடியை விடுகிற சிகிச்சைக்குப் போய் ஒரு மாதம் தங்கினான்.

வெளியே வருகிற அன்று அங்கிருந்த கவுன்சிலர் அம்மா ஒரு ஏற்பாடு சொன்னார். தினமும் காலையில் ஒரே ஓர் ஆளுக்குப் போன் பண்ணவேண்டும். நேற்று குடித்தேனா இல்லையா என்று சொல்லவேண்டும். கேட்கிற ஆள் புத்தி சொல்லக் கூடாது, பாராட்டக் கூடாது, கேட்டுக்கொண்டால் போதும். அண்ணன் என்னைக் கைகாட்டினான். எனக்குப் பெருமையாக இருந்தது.

அன்று முதல் காலை ஆறு மணிக்குப் போன் அடிக்கும். "இல்ல" என்பான். "சரி" என்பேன். அவ்வளவுதான். சில நாள் பின்னால் பேருந்து சத்தம் கேட்கும், சில நாள் கோழி. பதினான்கு மாதம் ஒரு நாள் தவறவில்லை. ஒரு வருடம் முடிந்ததும் அண்ணி பிள்ளைகளோடு திரும்பி வந்தாள். பதினான்காம் மாதம் அவனுக்கு வேலை கிடைத்தது, பள்ளிக்கூட வேன் டிரைவர். மேனேஜர் எளிதில் ஒத்துக்கொள்ளவில்லை. பிள்ளைகளை ஏற்றுகிற வண்டி, பழைய கதையெல்லாம் ஊருக்கே தெரியும். நான் போன் பண்ணிப் பேசினேன். "தினமும் காலையில அவன் குரலைக் கேக்கேன் சார். அவன் குடிச்சா எனக்குத் தெரியாம போகாது. நான் பொறுப்பு" என்றேன். திங்கட்கிழமை முதல் வண்டி எடுக்கலாம் என்று சொல்லிவிட்டார்.

அதற்கு முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை.

இங்கே என் ஆரஞ்சுப் பிரச்சினையைச் சொல்லவேண்டும். நான் அப்போது கலக்கிக்கொண்டிருந்தது ரம், எலுமிச்சை, ஆரஞ்சு சேர்ந்த ஒன்று. ரம்மிலும் எலுமிச்சையிலும் தகராறு இல்லை. ஆரஞ்சை எப்படிச் சேர்ப்பது என்பதில்தான் இரண்டு மாதமாகக் கிடந்து அல்லாடினேன். புதிதாகப் பிழிந்த ஜூஸ் என்றால் மணம் நன்றாக இருக்கும், ஆனால் ஒரு பழம் போல் இன்னொரு பழம் இருக்காது. நல்ல பழமாக வாய்த்தால் தேன், இல்லாவிட்டால் வெறும் புளிப்பு. கொஞ்சம் அழுத்திப் பிழிந்தால் தோலின் கசப்பு இறங்கிவிடும். பிழிந்து அரை மணி நேரம் வைத்தால் ருசி மாறிவிடும். போதாததற்கு ரம்மை நீர்க்கச் செய்துவிடும். ஒரு வாரம் அற்புதமாக வந்தது அடுத்த வாரம் வராது. கடையில் ஒரு தடவை கொடுத்த நிறத்தை அடுத்த தடவையும் அச்சு அசலாகக் கொடுக்காவிட்டால் வாடிக்கையாளர் டின்னைத் தலையில் கவிழ்த்துவிடுவார். அந்தப் பழக்கத்தில் வளர்ந்தவனுக்கு இது தாங்கவில்லை.

அப்போதுதான் மேல்மாடிச் சேட்டன் அந்தப் பாட்டிலைக் கொடுத்தார். அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மலையாளி, என் ஞாயிற்றுக்கிழமைத் துணை. அவருடைய மகள் வெளிநாட்டிலிருந்து வரும்போது விமான நிலையக் கடையில் வாங்கி வந்தது. ஆரஞ்சுத் தோலில் செய்த மது, இனிப்பு போட்டது. "லிக்கர் அல்ல, லிக்யூர்" என்று திருத்தினார். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் கேட்டது. பார்க்கத் தண்ணீர் மாதிரி தெளிவாக இருக்கும். மூடியைத் திறந்தால் ஒரு கூடை ஆரஞ்சை உரித்த வாசனை. ஒரு ஸ்பூன் விட்டால் போதும், எல்லா வாரமும் ஒரே மாதிரி இருக்கும். ரம்முக்குக் கிட்டத்தட்டச் சமமான வீரியம், ஆனால் குடிக்கும்போது மிட்டாய் போல இறங்கும். நம் கடை ஸ்டெயினர் மாதிரி, சின்ன பாட்டில், ஒரு சொட்டில் முழு நிறம். எனக்குப் பிடித்துப்போயிற்று. பிடித்துப்போனது ஏனோ உறுத்தவும் செய்தது. ஜூஸா, லிக்யூரா என்று அந்த ஞாயிறு சேட்டனை வைத்துத் தீர்த்துவிடுவது என்று முடிவு செய்திருந்தேன்.

காலை ஆறு மணிக்கு அண்ணன் போன் பண்ணினான். "இல்ல" என்றான். "சரி" என்றேன். வழக்கத்துக்கு மாறாகப் போனை வைக்காமல், "நாளைக்கு வண்டி எடுக்கணும்லா. ஒன்னைப் பாத்துட்டு வரலாம்னு இருக்கேன். மத்தியானம் அங்க வாறேன்" என்றான்.

மனைவியிடம் சொன்னதும் அவள் முதலில் சமையலறை மேடையைத்தான் பார்த்தாள். "அத்தான் வாறாங்கன்னா இந்தக் கடையை மூட்டை கட்டி வச்சிருங்க. ஒரு வாரம் கலக்காட்டா கொறஞ்சு போயிர மாட்டீங்க."

"சேட்டன்கிட்ட சொல்லியாச்சு" என்றேன்.

"சேட்டன்கிட்ட நான் சொல்லுதேன்."

"அவனுக்காக யாரும் எதையும் ஒளிச்சு வைக்கக் கூடாதுன்னு அண்ணனே சொல்லியிருக்கான். அவனுக்குத் தனியா ஜூஸ் குடுத்தா போச்சு."

அண்ணன் அப்படிச் சொன்னது உண்மை. அதை நான் பயன்படுத்திக்கொண்டதும் உண்மை. மனைவி ஒன்றும் பேசாமல் மீன் கழுவப் போய்விட்டாள். அவள் பேசாமல் போனால் நான் தோற்றுவிட்டேன் என்று பொருள். ஆனால் அன்று ஜெயித்த மாதிரி ஒரு தெம்பில் பழம் பிழியப் போனேன்.

பதினோரு மணிக்கு ஜூஸ் போட்டு ஒன்று, லிக்யூர் போட்டு ஒன்று கலக்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ருசி பார்த்தேன். ருசி பார்ப்பது என்றால் இரண்டையும் முழுதாக. எது மேல் என்று முடிவுக்கு வரவில்லை. மறுபடி இரண்டு. அதுவரை அளந்து குடித்த ஆள், அன்று அளந்து கலக்கியதோடு சரி. இதை நான் பிறகு யாரிடமும் சொல்லாமல் இருக்க மிகவும் பாடுபட்டேன்.

அண்ணன் பன்னிரண்டரைக்கு வந்தான். தம்பானூரில் பஸ்ஸை விட்டு இறங்கி, தள்ளுவண்டிக்காரனிடம் இரண்டு கிலோ ஆரஞ்சு வாங்கி வந்திருந்தான். "நீ ஞாயித்துக்கெழம சாறு பிழிவேன்னு ஒங்க அண்ணி சொன்னா" என்று பையை நீட்டினான். இளைத்திருந்தான், ஆனால் முகத்தில் தெளிவு இருந்தது. கை நடுங்கவில்லை. நான் அவன் கையைத்தான் முதலில் பார்த்தேன் என்பதை அவனும் பார்த்தான். சிரித்தான். கொஞ்ச நேரத்தில் சேட்டனும் இறங்கி வந்தார். இரண்டு பேரும் பால்கனியில் உட்கார்ந்து கரமனை ஆற்றில் தண்ணீர் ஏறியிருப்பது பற்றிப் பேச ஆரம்பித்தார்கள்.

நடந்ததைச் சொல்வதற்கு முன் எங்கள் வீட்டுப் பேச்சில் ஒரு சொல்லைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எங்களிடம் 'போதும்' என்ற சொல் எப்போதோ காணாமல் போய், அந்த இடத்தில் மலையாளத்து 'மதி' வந்து உட்கார்ந்துவிட்டது. சோறு போடும்போது கையைக் குறுக்கே நீட்டி "மதி" என்றால், போதும், நிறுத்து என்று பொருள். காபியா சாயாவா என்று கேட்கும்போது "சாயா மதி" என்றால், எனக்குச் சாயாவே போதும், அதைக் கொடு என்று பொருள். கல்யாணமான புதிதில் மனைவி என் அம்மாவிடம் சோறா சப்பாத்தியா என்று கேட்க, அம்மா "சப்பாத்தி மதி" என்றிருக்கிறாள். சப்பாத்தி போதும் போதும் என்கிறார்கள் என்று நினைத்து இவள் தட்டு நிறையச் சோற்றைப் போட்டுவிட்டாள். இருபது வருடமாக அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறோம்.

சமையலறை மேடை ஜன்னலைப் பார்த்து இருக்கிறது. வேலை செய்பவனுக்கு முதுகுதான் கதவுப் பக்கம். நான்கு கிளாஸில் ஐஸ் போட்டு வரிசையாக வைத்தேன். முதலாவது மனைவிக்கு, முழுக்க ஜூஸ். இரண்டாவது எனக்கு. மூன்றாவது சேட்டனுக்கு, நான்காவது அண்ணனுக்கு என்று மனதுக்குள் கணக்கு. பக்கத்தில் மனைவி பப்படம் பொரித்துக்கொண்டிருந்தாள். எக்ஸாஸ்ட் ஃபேன் தலைக்கு மேல் அலறியது. பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. சேட்டன் வழக்கமாக அந்த நேரத்தில்தான் எழுந்து வந்து கதவில் சாய்ந்துகொண்டு மேற்பார்வை செய்வார். அவர்தான் என்று நினைத்து, திரும்பாமலே, மூன்றாவது கிளாஸில் ஜூஸை ஊற்றிக்கொண்டே கத்திக் கேட்டேன்: "இன்னைக்கு என்ன? ஜூஸா, லிக்யூரா?"

"ஜூஸ் மதி" என்று பதில் வந்தது.

சேட்டன் எப்போதும் சொல்வது அதேதான். ஜூஸ் பாதி கிளாஸைத் தொட்டதும் "ஜூஸ் மதி, இனி மற்றவன் வரட்டே" என்பார். மற்றவன் என்றால் ரம். அது என் கேள்விக்கான பதில் என்று தோன்றாமல், நான் ஜூஸை நிறுத்தினேன். ஷேக்கரில் இருந்த ரம்மையும் லிக்யூரையும் கிளாஸ் நிறைய ஊற்றினேன். நான்காவது கிளாஸை விளிம்பு வரை ஜூஸால் நிரப்பினேன்.

மூன்றாவது கிளாஸைப் பின்னாலிருந்து ஒரு கை எடுத்துக்கொண்டு போயிற்று. நான் கையைப் பார்க்கவில்லை. ஆஃப் ஒயிட்டில் ஏழு வகையை வெளிச்சத்தில் பிடித்துப் பிரித்துச் சொல்கிறவன் நான். முழு ஜூஸ் ஒரு நிறம், பாதி ஜூஸ் ஒரு நிறம். அது பால்கனிக்குப் போகும்போது ஒரு தடவை திரும்பிப் பார்த்திருந்தால் போதும்.

மிச்சக் கிளாஸ்களைத் தட்டில் எடுத்துக்கொண்டு ஹாலுக்கு வந்தேன். சேட்டன் டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். கையில் கிளாஸ் இல்லை. தட்டிலிருந்து ஒன்றை எடுத்து ஒரு வாய் குடித்தார். முகம் சுருங்கியது.

"இது வெறும் ஜூஸாணல்லோ!"

தட்டை எங்கே வைத்தேன் என்று நினைவில்லை.

அண்ணன் பால்கனியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆற்றுப் பக்கம் பார்த்து நின்றான். கிளாஸ் சுவரின் மேல் இருந்தது. பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது. ஐஸ் இன்னும் கரையவில்லை.

இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. அவனைப் பார்த்த அந்த நொடியில் எனக்கு வந்த முதல் எண்ணம், அவனுக்குத் தெரிந்திருக்காது என்பதுதான். மிட்டாய் மாதிரி இறங்குகிற சாமான், புளித்த ஆரஞ்சு என்று நினைத்திருப்பான். நானும் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. நாளைக் காலையில் "இல்ல" என்பான், அது அவனைப் பொறுத்தவரை உண்மையாக இருக்கும். பதினான்கு மாதமும் பத்திரமாக இருக்கும். நான் மேனேஜரிடம் சொன்ன வார்த்தையும் பத்திரமாக இருக்கும்.

"அண்ணே, அதுல கொஞ்சம் ஆரஞ்சு சிரப் விட்டிருக்கேன். இனிப்பா இருக்கும். வேற எடுத்துட்டு வாறேன்" என்று கையை நீட்டினேன்.

அவன் திரும்பிப் பார்த்தான். கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் சமாளித்திருப்பேன்.

"சிரப்பா?" என்றான். "இருவது வருசம் குடிச்சவன்கிட்ட வந்து சிரப்புங்கியே டே."

நீட்டிய கையை இழுத்துக்கொண்டேன்.

"ஜூஸ் மதின்னேன். கேக்கலியா?"

"சேட்டன்னு நெனச்சேன்" என்றேன். "அவரும் அப்படித்தான் சொல்லுவாரு. சத்தமா இருந்துது. நான் திரும்பிப் பாக்கல."

"செரி." கிளாஸைப் பார்த்தான். "நாக்குல பட்டதுமே தெரிஞ்சுது. மொத வாய் ஒன் தப்பு. அதுக்குப் பொறவு ரெண்டு வாய் குடிச்சேன், கேட்டியா? அது நான்."

கிளாஸை எடுத்து என் கையில் கொடுத்தான். அவன் விரல் சில்லென்று இருந்தது.

அதற்குப் பிறகு சாப்பிட்டோம். ஆமாம், உட்கார்ந்து சாப்பிட்டோம். மனைவிக்கு ஒரு பார்வையில் எல்லாம் புரிந்துவிட்டது. மீன் குழம்பை அவன் இலைக்குத் திரும்பத் திரும்ப ஊற்றினாள். அவன் "மதி, மதி" என்றான். அந்தச் சொல் ஒவ்வொரு முறை வரும்போதும் நான் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். சேட்டன் ஒன்றும் அறியாமல், இரண்டாவது கிளாஸ் எப்போது வரும் என்று என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

மூன்று மணிக்கு அண்ணன் கிளம்பினான். ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு, தம்பானூரில் விடுகிறேன் என்று அவன் பின்னால் போனேன். லிஃப்ட் முன்னால் நின்று என் கையிலிருந்த சாவியைப் பார்த்தான்.

"நீ வண்டி எடுக்காதே" என்றான். "குடிச்சிருக்கே."

ஆட்டோ பிடித்துப் போய்விட்டான்.

அன்று சாயங்காலம் நான் நடந்த நடைக்குத் தரை உண்மையிலேயே தேய்ந்திருக்க வேண்டும். தம்பானூரிலிருந்து நாகர்கோவிலுக்கு பஸ் போகிற வழி எனக்கு மனப்பாடம். பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, பாறசாலை, களியக்காவிளை, மார்த்தாண்டம், தக்கலை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் அவன் இறங்குவதாகக் கற்பனை செய்தேன். எந்த ஊரில் பேருந்து நிற்கிற இடத்துக்கு எதிரே கடை இருக்கிறது என்று யோசித்துப் பார்த்தேன். எல்லா ஊரிலும் இருந்தது. பதினான்கு மாதம் வறண்டு கிடந்த நாக்கில் நான் சர்க்கரை போட்டுத் தடவி அனுப்பியிருக்கிறேன். இரண்டு முறை போன் பண்ணினேன், எடுக்கவில்லை. மூன்றாவது முறை மனைவி போனைப் பிடுங்கி ஃப்ரிட்ஜ் மேல் வைத்தாள்.

"பண்ணாதீங்க. அவங்க காலையில பண்ணுவாங்க."

"பண்ணலன்னா?"

"பண்ணலன்னா அப்ப பாத்துக்கலாம்."

ஷேக்கரைக் கழுவித் துடைத்தவள் அவள்தான். லிக்யூர் பாட்டிலை மேல்மாடிக்குக் கொண்டுபோய், "சேட்டா, இது உங்க வீட்டிலேயே இருக்கட்டும்" என்று கொடுத்துவிட்டு வந்ததும் அவள்தான். நான் அண்ணன் வாங்கி வந்த ஆரஞ்சுகளை எடுத்து வைத்துக்கொண்டு, எதற்கென்று தெரியாமல் ஒவ்வொன்றாக உரித்துக்கொண்டிருந்தேன். நல்ல பழங்கள். ஒன்றுகூடப் புளிக்கவில்லை.

காலையில் ஐந்து மணியிலிருந்து விழித்திருந்தேன். போனை மடியில் வைத்துக்கொண்டு பால்கனியில் உட்கார்ந்தேன். ஆறு மணி ஆயிற்று. அடிக்கவில்லை. ஆறு ஐந்து. அவனுக்கு ஆறரைக்கு வண்டி. ஆறு பத்து. மனைவி காபியோடு வந்து பக்கத்தில் நின்றாள், குடியுங்கள் என்று சொல்லவில்லை. ஆறு பன்னிரண்டுக்கு அடித்தது.

"நேத்து உண்டு" என்றான். "இன்னைக்கு இல்ல."

பதினான்கு மாதமாக 'சரி' என்று மட்டும் சொன்னவன், முதல் முறையாகக் கேள்வி கேட்டேன்.

"பஸ்ஸுல?" என்றேன். "எறங்கினியா?"

"எறங்கல. மார்த்தாண்டத்துல எழும்பி நின்னேன். பொறவு இருந்துட்டேன். வீட்டுக்கு வந்து ஒங்க அண்ணிகிட்ட எல்லாம் சொன்னேன். ராத்திரி முழுக்க ரெண்டு பேருக்கும் ஒறக்கம் இல்ல. இப்ப மேனேஜர்கிட்டயும் சொன்னேன், அதான் லேட்டு."

"மேனேஜர்கிட்டயா!" உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்துவிட்டேன். "என்ன சொன்னாரு?"

"ஒன் தம்பி பொறுப்பு எடுத்திருக்காரு, அவரு சரின்னா வண்டிய எடுன்னாரு. அவருக்கு நீ பெரிய யோக்கியன்லா." சிரிக்கிறான் என்று தெரிந்தது.

"யாரு ஊத்தினதுன்னு கேக்கலியா?"

"கேட்டாரு."

"என்ன சொன்னே?"

"எங்கியோ போன எடத்துலன்னேன்."

போனுக்குள் யாரோ ஒரு கேட்டைத் திறக்கிற சத்தம் கேட்டது. காக்கை கத்தியது. நான் காதை அழுத்திக்கொண்டு கேட்டேன். அவன் மூச்சு சீராக வந்தது. நாக்குத் தடித்த பேச்சு எனக்குத் தெரியும், இருபது வருடம் கேட்டிருக்கிறேன். இது அது இல்லை. ஆனாலும் முந்தின நாள் அவன் குரலையே அடையாளம் தெரியாமல் போன காது இது. பக்கத்தில் நின்ற மனைவி என் தோளில் கையை வைத்தாள்.

"சாவி கையில இருக்கு" என்றான் அண்ணன். "மொத ஸ்டாப்புல பிள்ளையோ நிக்கும். சொல்லு டே."

"சரி" என்றேன்.

வண்டி கிளம்புகிற சத்தம் கேட்டது, போன் நின்றுவிட்டது. மேனேஜரின் எண்ணைத் தேடி எடுத்தேன். ஒரே அடியில் எடுத்துவிட்டார். வணக்கம் சொல்லக்கூட மறந்து, "சார், நேத்து அவனுக்கு ஊத்திக் குடுத்தது நான்தான்" என்றேன்.